கைதுக்குப் பிறகு நாம் பேசும் பேச்சு

2016-ல் நான் சென்னை சூளைமேட்டில் ஒரு மேன்ஷனில் தங்கி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். சொந்த ஊர் தென்காசிப் பக்கம். அப்போது அது திருநெல்வேலி மாவட்டம். நுங்கம்பாக்கம் ரயில் நிலையக் கொலை வழக்கை மறக்காதவர்களுக்கு இந்த இரண்டு விவரமே போதும். கொலை நடந்த நிலையம் எங்கள் மேன்ஷனிலிருந்து நடந்து போகும் தூரம். கைதானவரும் எங்களைப் போலவே சூளைமேட்டு மேன்ஷன் ஒன்றில் தங்கியிருந்தவர், ஊர் செங்கோட்டை அருகே மீனாட்சிபுரம். அந்த வழக்கைப் பற்றி நாடே பேசியபோது, பேச்சின் இரண்டு முனையிலும் எனக்குத் தெரிந்த மனிதர்கள் இருந்தார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கொல்லப்பட்ட பெண்ணின் பெயரையும் கைதானவரின் பெயரையும் இங்கே எழுதப்போவதில்லை. தெரியாதவர்கள் குறைவு என்பது தெரியும். ஆனாலும் அந்த இரண்டு வீட்டாரும் தங்கள் பிள்ளைகளின் பெயரை முன்பின் தெரியாதவர்கள் வாயில் கேட்டது போதும்.

ஜூன் 24, வெள்ளிக்கிழமை. செங்கல்பட்டுப் பக்கம் மகேந்திரா சிட்டியில் உள்ள ஐடி நிறுவனத்துக்கு வேலைக்குப் போக, காலை ஆறரை மணி வாக்கில் நடைமேடையில் ரயிலுக்குக் காத்திருந்த 24 வயதுப் பெண்ணை ஒருவன் அரிவாளால் வெட்டிவிட்டு ஓடினான். நிலையத்தில் சிசிடிவி கேமரா இல்லை. உடல் இரண்டு மணி நேரம் நடைமேடையிலேயே கிடந்தது. உயர் நீதிமன்றம் அதைச் சுட்டிக்காட்டி வேதனைப்பட்டது. வழக்கு ரயில்வே போலீசிடமிருந்து மாநகரப் போலீசுக்குக் கைமாறியது. பக்கத்துத் தெரு வீடுகளில் இருந்த கேமராக்களில் பதிவான, முதுகில் பையோடு போகும் இளைஞனின் படம் வெளியானது. ஜூலை 1 இரவு மீனாட்சிபுரத்தில் கைது. கைதானவர் கழுத்தில் காயத்தோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்.

இடைப்பட்ட ஒரு வாரமே மோசமாகத்தான் இருந்தது. ஒரு முஸ்லிம் பெயரைச் சொல்லி ‘இவன்தான் கொலையாளி’ என்று ஒரு பதிவு சுற்றியது. பிரபலமானவர்களும் அதைப் பகிர்ந்தார்கள். ஆனால் ஆள் பிடிபடாதவரை, ஊரெல்லாம் பயத்தில் பேசுகிறது என்று ஒரு சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆள் பிடிபட்டதும் அடங்கிவிடும் என்றுதான் எங்கள் அறையில் எல்லோரும் நினைத்தோம். நடந்தது நேர்மாறு. கைதுக்குப் பிறகுதான் ஆளாளுக்குத் துப்பறிய ஆரம்பித்தார்கள்.

ஒரு கூட்டம் ‘எதுக்கு கோர்ட்டு, சுட்டுத் தள்ளுங்க’ என்றது. இன்னொரு கூட்டம் கேமராவில் பதிவான மங்கலான உருவத்தையும் மருத்துவமனையில் எடுத்த புகைப்படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, சிவப்பு வட்டம் போட்டு, மூக்கு இப்படியா இருக்கிறது, தோள் இப்படியா இருக்கிறது என்று ஆராய்ந்து ‘இது வேற ஆள்’ என்று தீர்ப்பு எழுதியது. அப்புறம் சாதி வந்தது. கைதானவரின் சாதி, பெண்ணின் சாதி. எந்தப் பக்கம் நின்று பேச வேண்டும் என்பதைப் பலர் அதை வைத்தே முடிவு செய்தார்கள். எல்லாவற்றையும்விடக் கேவலமாக எனக்குத் தோன்றியது, செத்துப்போன பெண்ணின் குணத்தைத் தோண்டியதுதான். அவருக்கு யாரோடு பழக்கம், ஏன் இவனிடம் பேசினார், வீட்டுக்குத் தெரியுமா என்றெல்லாம் கேட்டார்கள். காலையில் வேலைக்குக் கிளம்பி ரயிலுக்கு நின்ற ஒரு பெண், தன் பக்கத்தை வந்து சொல்ல வழியில்லாத நிலையில், ஏதோ தேர்வு எழுதுவதுபோல் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

எங்கள் மேன்ஷனில் நடந்ததைச் சொல்கிறேன். கேமரா படம் வெளியானதுமே போலீஸ் அந்தப் பகுதி மேன்ஷன்களுக்கெல்லாம் வந்துபோனது. படத்தின் பிரிண்ட் ஒன்றை மேனேஜர் தன் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தார். வாடகை கொடுக்கப் போனால் கண் தானாக அதன் மேல்தான் விழும். கட்டம் போட்ட சட்டை, பை, ஒல்லியான உடம்பு. அந்த மேன்ஷனில் இருந்த பாதிப் பேர் அந்தப் படத்தைப் போலத்தான் இருந்தோம். தெற்கிலிருந்து வந்து வேலை தேடும் பையன்கள் எல்லோரிடமும் அந்தச் சட்டையும் இருந்தது, அந்தப் பையும் இருந்தது. கைதானவரின் ஊர் வெளியே வந்ததும், மெஸ்ஸில் பரிமாறுகிறவர்கூட ‘நீங்களும் அந்தப் பக்கம்தானே?’ என்று கேட்டார். கெட்ட மனதோடு கேட்கவில்லை. ஆனால் கேட்டார்.

என் அறைத் தோழனுக்கும் கைதானவருக்கும் ஒரே பெயர். எங்கள் பக்கத்தில் தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கிற பெயர் அது. பொறியியல் படிப்பு, திருநெல்வேலி மாவட்டம், இருப்பது சென்னை என்று ஃபேஸ்புக்கில் போட்டிருந்தான். யாரோ தேடியிருக்கிறார்கள், இவன் கிடைத்திருக்கிறான். ஒரு கல்யாண வீட்டில் சிரித்துக்கொண்டு நிற்கும் படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ‘கொலைகாரனின் முகநூல் பக்கம் சிக்கியது’ என்று போட்டுவிட்டார்கள். அவன் படத்துக்குக் கீழே அவன் அம்மாவையும் தங்கையையும் பற்றி எழுதப்பட்டதை நான் இங்கே எழுத முடியாது. போலீஸ் காவலில் இருக்கிற ஆள் எப்படி நேற்று ராத்திரி ஒரு படத்துக்கு லைக் போட்டிருக்க முடியும் என்று ஒருவர்கூட யோசிக்கவில்லை.

அவன் பதறிப்போய்க் கணக்கையே அழிக்கப் போனான். ஊரில் வக்கீலாக இருக்கும் அண்ணாச்சி ஒருவருக்கு நான் போன் போட்டேன். அவர் சொன்ன முதல் வார்த்தையே, “தம்பி, எதையும் அழிக்க வேண்டாம்னு சொல்லு. அழிச்சா அவன் பயந்து ஓடுனான்னு அதுக்கும் ஒரு கதை கட்டுவானுவ. முதல்ல எல்லாத்தையும் படம் எடுத்து வைங்க” என்பதுதான்.

இது யாருக்கும் நேரலாம் என்பதால் விவரமாகவே சொல்கிறேன். பதிவை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் போதாது. பதிவின் முகவரி, போட்டவரின் பக்க முகவரி, தேதி, நேரம், எத்தனை பேர் பகிர்ந்திருக்கிறார்கள் என்பது எல்லாம் தெரிகிற மாதிரி எடுக்க வேண்டும். முடிந்தால் கணினியில் திறந்து பக்கத்தையே சேமிக்க வேண்டும். பிறகுதான் புகார். பதிவு போட்டவரோடு கமெண்டில் சண்டைக்குப் போகக் கூடாது. நாம் எழுதுகிற ஒவ்வொரு பதிலும் அந்தப் பதிவை இன்னும் பத்துப் பேர் கண்ணில் காட்டும். அதற்குப் பதிலாக நம் பக்கத்திலேயே, நம் பெயரில், ஒரே ஒரு தெளிவான பதிவு போடலாம்: நான் இன்னார், அந்த வழக்கில் கைதானவர் நான் இல்லை, என் படத்தைத் தவறாகப் பரப்புகிறார்கள், போலீசில் புகார் கொடுத்திருக்கிறேன். தோழன் இதைத்தான் செய்தான். தெரிந்தவர்கள் அதை எடுத்துப் பகிர்ந்தார்கள். இப்போது என்றால் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளம் இருக்கிறது. 2021-ல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி பெரிய சமூக ஊடக நிறுவனங்கள் இந்தியாவில் ஒரு குறைதீர் அலுவலரை வைத்திருக்க வேண்டும். அவருக்கு எழுத்தில் புகார் அனுப்பலாம். அவதூறுக்கு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சம்ஹிதையின் 356-வது பிரிவு இருக்கிறது. இவையெல்லாம் உடனே வேலை செய்யும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கையில் ஆதாரம் இருப்பவனுக்குத்தான் இவை கொஞ்சமாவது வேலை செய்யும்.

இதற்கெல்லாம் முன்பே வீட்டுக்கு ஒரு போன் போட்டுவிட வேண்டும். தோழனின் அம்மாவுக்கு விஷயம் பக்கத்து வீட்டுப் பையனின் செல்போனிலிருந்துதான் தெரிந்தது. “எய்யா, நீ எங்கய்யா இருக்க?” என்று அவர்கள் போனில் அழுததை, கட்டிலின் இந்த முனையில் உட்கார்ந்திருந்த நான் கேட்டேன்.

வக்கீல் அண்ணாச்சியோடு அந்த மாதங்களில் அடிக்கடி பேசினேன். செய்தியை எப்படி வாசிப்பது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர். நம் பத்திரிகைகளில் ‘பரபரப்பு வாக்குமூலம்’ என்று ஒரு தலைப்பு வரும், பார்த்திருப்பீர்கள். ‘கொன்றது ஏன்?’ என்று பெரிய எழுத்தில் போட்டு, கைதானவரே பக்கத்தில் உட்கார்ந்து கதை சொன்ன மாதிரி எழுதியிருப்பார்கள். போலீசிடம் சொன்ன வாக்குமூலம் அதைச் சொன்னவருக்கு எதிரான சாட்சியமாகாது என்பது 1872-ம் வருட இந்திய சாட்சியச் சட்டத்தின் 25-வது பிரிவு. இப்போது பாரதிய சாட்சிய அதினியத்தில் 23-வது பிரிவாக இருக்கிறது. அவர் சொன்னதை வைத்துப் போய் ஒரு பொருளைக் கைப்பற்றினால், அந்தப் பொருளைக் கண்டெடுக்க வழிகாட்டிய அளவுக்கு மட்டும் அந்தப் பேச்சு எடுபடும். ஒப்புதல் வாக்குமூலம் செல்ல வேண்டுமானால் மாஜிஸ்திரேட் முன்னால், யாருடைய வற்புறுத்தலும் இல்லை என்று அவர் உறுதி செய்துகொண்ட பிறகு கொடுத்திருக்க வேண்டும். வெள்ளைக்காரன் காலத்திலேயே போலீஸ் வாக்குமூலத்தை நம்பாமல் சட்டம் எழுதினார்கள் என்றால், ஸ்டேஷனுக்குள் என்ன நடக்கும் என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது. நாம்தான் இன்னும் அந்தத் தலைப்பைப் படித்துவிட்டு ‘அவனே ஒத்துக்கிட்டானாமே’ என்கிறோம்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது அவர் அடையாள அணிவகுப்பு பற்றிச் சொன்னதுதான். கைதானவரின் முகத்தைத் துணியால் மூடி அழைத்துப் போகும்போது, ‘கொலைகாரனுக்கு எதுக்கு முகமூடி, மரியாதை?’ என்று கேட்காதவர் கிடையாது. அது மரியாதைக்காகச் செய்வது அல்ல. சம்பவத்தை நேரில் பார்த்த சாட்சி இருந்தால், சிறையில் மாஜிஸ்திரேட் முன்னிலையில் ஒரே சாயல் உள்ள பலரோடு சேர்த்து அந்த ஆளை நிறுத்தி, ‘நீ பார்த்தவர் இதில் இருக்கிறாரா?’ என்று கேட்பார்கள். அந்தச் சாட்சி அதற்குள் டிவியிலும் வாட்ஸ்அப்பிலும் அந்த முகத்தை நூறு தடவை பார்த்திருந்தால், அவர் அடையாளம் காட்டுவது நடைமேடையில் பார்த்த முகத்தையா, செல்போனில் பார்த்த முகத்தையா? எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கிற முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். நுங்கம்பாக்கம் வழக்கில் கழுத்தில் கட்டுப் போட்ட அந்தப் படம் கைதான மறுநாளே எல்லார் கையிலும் இருந்தது. அணிவகுப்பு அதற்குப் பிறகுதான் புழல் சிறையில் நடந்தது.

நீதி வேண்டும் என்று அந்தப் படத்தைப் பகிர்ந்த ஒவ்வொருவரும், எந்தப் பெண்ணுக்காகப் பகிர்ந்தார்களோ அவருடைய வழக்கைத்தான் பலவீனப்படுத்தினார்கள். ஒருவேளை கைதானவர் நிரபராதி என்றால், தப்பாக அடையாளம் காட்டப்படும் ஆபத்தையும் அதே கையால் கூட்டினார்கள். எப்படிப் பார்த்தாலும் நஷ்டம். என் கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் இதை எழுதினேன். சட்டத்தைச் சொன்னபோது கேட்காதவர்கள், ‘இந்தப் படத்தால குற்றவாளி தப்பிக்கலாம்’ என்று சொன்னதும் நிறுத்தினார்கள். யாரிடமாவது இதை எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தால், கைதானவரின் உரிமையிலிருந்து ஆரம்பிக்காமல் பாதிக்கப்பட்டவரின் வழக்கிலிருந்து ஆரம்பியுங்கள். கோபத்தில் இருப்பவர் காதில் அதுதான் ஏறும்.

செய்தியில் வருகிற விவரத்தை யார் சொன்னது என்று பார்ப்பது அடுத்தது. முதல் தகவல் அறிக்கையில் உள்ளதா, நீதிமன்றத்தில் சொன்னதா, போலீஸ் அதிகாரி பெயர் சொல்லிப் பேட்டி கொடுத்ததா, அல்லது ‘போலீஸ் வட்டாரத்தில் கூறப்படுகிறது’ மட்டும்தானா? கடைசி வகையை நான் பகிர்வதே இல்லை. குழுவில் யாராவது போட்டால், ‘இதை யார் சொன்னது?’ என்று மட்டும் கேட்பேன். பாதி விஷயம் அங்கேயே நின்றுவிடும். போலீஸ் எந்த அளவுக்கு ஊடகத்திடம் பேசலாம் என்று வழிமுறை வகுக்கும்படி உச்ச நீதிமன்றமே 2023 செப்டம்பரில் உள்துறை அமைச்சகத்துக்கு உத்தரவிட்டது என்றால், இந்த ‘வட்டாரம்’ எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பாருங்கள்.

2017 செப்டம்பரில் குருகிராமில் ஒரு பள்ளிக் கழிவறையில் ஏழு வயதுச் சிறுவன் கழுத்தறுத்துக் கொல்லப்பட்டான். அன்றே பள்ளிப் பேருந்தின் நடத்துனரைப் போலீஸ் கைது செய்தது, ஒப்புக்கொண்டுவிட்டார் என்றது. எங்கள் குழுவிலேயே அவரைத் தூக்கில் போடச் சொல்லிப் படங்கள் வந்தன. நவம்பரில் சிபிஐ அதே பள்ளியின் 11-ம் வகுப்பு மாணவர் ஒருவரைப் பிடித்தது. 2018 பிப்ரவரியில் நடத்துனரை நீதிமன்றம் வழக்கிலிருந்து விடுவித்தது. அவரைத் தூக்கில் போடச் சொன்ன பதிவுகளை எத்தனை பேர் அழித்திருப்பார்கள் என்று தெரியவில்லை. நம் குழுவில் மேலே தேடிப் போய், அவற்றைப் போட்டவர்களிடம் ஒருவர் ஒருவராகத் தனியாகச் சொல்லி நீக்க வைத்தேன். இப்படிச் செய்வது யாருக்கும் சங்கடமாகத்தான் இருக்கும். தனியாகச் சொன்னால் கோபப்படாமல் கேட்டுக்கொள்கிறார்கள். எல்லார் முன்னாலும் சொன்னால் அந்தப் பதிவைக் காப்பாற்ற வாதாடத் தொடங்குகிறார்கள்.

இவ்வளவும் சொல்கிறவன், கைதுக்குப் பிறகு யாரும் வாயே திறக்கக் கூடாது என்று சொல்லவில்லை. நுங்கம்பாக்கம் வழக்கில் கேட்க வேண்டிய கேள்விகள் குவிந்து கிடந்தன. மாநகரின் நடுவில் இருக்கிற ரயில் நிலையத்தில் ஏன் ஒரு கேமராகூட இல்லை? அந்த நேரத்தில் ரயில்வே பாதுகாப்புப் படைக்காரர் ஏன் ஒருவர்கூட அங்கே இல்லை? கைதானவரின் கழுத்து எப்படி அறுபட்டது? பிடிக்கப் போனபோது அவரே பிளேடால் அறுத்துக்கொண்டார் என்றது போலீஸ். போலீசார்தான் அறுத்தார்கள் என்றது குடும்பம். இது ஒரு குடிமகன் உரக்கக் கேட்க வேண்டிய கேள்வி. ஆனால் மூக்கையும் தோளையும் வட்டம் போட்டு ஒப்பிட்ட ஆயிரம் படங்களுக்கு நடுவில், வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு தினம் ஒரு சதிக்கதை எழுதியவர்களுக்கு நடுவில், இந்தக் கேள்வியும் இன்னொரு வதந்தி மாதிரியே ஆகிப்போனது. பதில் சொல்ல வேண்டியவர்களுக்கு அது எவ்வளவு வசதி! ‘சமூக ஊடகத்தில் பரவும் கட்டுக்கதைகளை நம்பாதீர்கள்’ என்று ஒரே வரியில் எல்லாவற்றையும் தள்ளிவிடலாம்.

2016 செப்டம்பர் 18, ஞாயிற்றுக்கிழமை, நுங்கம்பாக்கம் வழக்கில் கைதானவர் புழல் சிறையில் இறந்துபோனார். மின்கம்பியைக் கடித்துத் தற்கொலை செய்துகொண்டார் என்றது சிறைத்துறை. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய அனுமதிக்கும் 90 நாள்கூட முடிந்திருக்கவில்லை. உடற்கூராய்வின்போது யார் உடன் இருப்பது என்பதற்கே உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. கடைசியில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவர் ஒருவரும் சேர்ந்து அக்டோபர் 1-ல் கூராய்வு செய்தார்கள். 2022-ல் மாநில மனித உரிமை ஆணையம் அவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும், சிறையில் நடந்ததைச் சுதந்திரமாக விசாரிக்கவும் பரிந்துரைத்தது. கைதான ஒரே ஆள் இறந்ததால் கொலை வழக்கில் நீதிமன்ற விசாரணை நடக்கவே இல்லை. சாட்சிகள் கூண்டில் ஏறவில்லை, குறுக்கு விசாரணை இல்லை, தீர்ப்பு இல்லை. அவர்தான் செய்தார் என்று சொல்ல நீதிமன்றத் தீர்ப்பு கிடையாது. அவர் செய்யவில்லை என்று சொல்லவும் கிடையாது. அந்தப் பெண்ணின் பெற்றோருக்கும் இவருடைய பெற்றோருக்கும் மிஞ்சியது நாம் 2016-ல் எழுதிப்போட்டவைதான். இன்றும் தேடினால் கிடைக்கின்றன.

அதனால் இப்போதெல்லாம் ஒரு கைதுச் செய்தி வந்தால் நான் அதை ஒரு தேதியாகக் குறித்துக்கொள்கிறேன். 24 மணி நேரத்தில் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தினார்களா? 90 நாளில் குற்றப்பத்திரிகை வந்ததா? எந்த நீதிமன்றத்துக்குப் போனது? ஆண்டுக்கணக்கில் கழித்துத் தீர்ப்பு வரும்போது உள்பக்கத்தில் சின்னதாகப் போடுவார்கள். அதை எடுத்துக் குழுவில் போடுகிறேன். பரபரப்பான நாட்களில் பகிர்ந்தவர்களில் ஒன்றிரண்டு பேராவது வாசிக்கிறார்கள். இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் வழக்கு எண்ணைப் போட்டால் அடுத்த வாய்தா எப்போது என்றுகூட யாரும் பார்க்கலாம்.

கைதானவர் உங்கள் வீட்டுப் பிள்ளையாக, உங்கள் தெருக்காரராக இருந்தால், சேனல்காரர்கள் மைக்கோடு வருவதற்குள் வக்கீலைப் பிடியுங்கள். வீட்டில் ஒருவர் மட்டும் பேசட்டும். அவரும் வக்கீலைக் கேட்காமல் பேச வேண்டாம். கல்யாண ஆல்பம், பள்ளிக்கூடப் படம் எதையும் யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, காவலில் இருப்பவருக்கு இலவசமாக வக்கீல் கொடுப்பார்கள். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம்.